ஆள் கூப்பிடும் பெட்டி

தூத்துக்குடியில் குருசடித் தெரு என்று ஒரு தெரு, அந்தத் தெருவில் டிவி தொபியாஸ் என்று ஒரு மனிதர், அந்த மனிதர் கையில் நாற்பது நாள் கிடந்து உயிர்பெற்ற ஒரு கறுப்புப் பெட்டி, இவ்வளவுதான் கதை. இதில் நான் எதையும் கூட்டவுமில்லை குறைக்கவுமில்லை. சந்தேகம் உள்ளவர்கள் நேரே போய் முக்குக் கடையில் கேட்டுக்கொள்ளலாம், ஆனால் கேட்டால் உங்களை ஏற இறங்கப் பார்ப்பார்கள், ஏனென்றால் அங்கே அது ஒரு பெரிய விஷயமே இல்லை.

தொபியாஸுக்கு அறுபத்தெட்டு வயது. முப்பத்தைந்து வருஷம் ஊர் டிவிகளின் வயிற்றைக் கீறித் தைத்தவர், முட்டி வலி வந்து கடைப்படி ஏற முடியாமல் போகவும் சாமான்களையெல்லாம் வீட்டு முன்னறைக்குக் கொண்டுவந்து போட்டு, ஒரு மேசை, ஒரு மின்விசிறி, ஒரு சால்டரிங் கட்டை, கரண்டை அளக்க ஒரு மல்டிமீட்டர் என்று அவற்றோடு குடித்தனம் நடத்தினார். மனைவி பிரகாசி போய்ச் சேர்ந்து ஆறு வருஷம். ஒரே மகள் ஜெசிந்தா ஓசூரில் பள்ளிக்கூட டீச்சர். அவள் இந்த வாசற்படியை மிதித்தும் அதே ஆறு வருஷம். மதியத்துக்கு ஒரு டம்ளர் அரிசி போடுவார், அதில் பாதியைச் சாயங்காலம் சாப்பிடுவார், நடுவில் மல்டிமீட்டரோடு பேசுவார். "என்னடே, முள்ளு ஏற மாட்டேங்கு, உனக்கும் முட்டி வலியா?" என்று கேட்பார். சிரிக்காதீர்கள். பேச்சுத்துணை இல்லாத வீட்டில் மனிதன் எதோடாவது பேசத்தான் செய்வான், மல்டிமீட்டராவது பதில் சொல்லும்.

துறைமுகத்துப் பக்கம் ஒரு பழைய பங்களாவை இடித்தபோது பரணில் கிடைத்தது என்று இடித்த ஆட்களில் ஒருவன் கொண்டுவந்து கொடுத்த பெட்டி அது. நாற்பது வருஷத்துக்கு முந்தைய வீட்டுக் கம்ப்யூட்டர், விசைப்பலகையும் உடம்பும் ஒன்றேதான், இரண்டு ஜெபப் புத்தகத்தைப் பக்கத்துப் பக்கத்தில் வைத்த அளவு, ரப்பர் விசைகள், தனித் திரை கிடையாது, டிவியின் பின்புறம் வயரைச் செருகிப் பார்க்கவேண்டும். கப்பலில் வந்த எவனோ விட்டுப் போயிருப்பான். மூடியைக் கழற்றியதும் தொபியாஸ் "அடப் பாவி மக்கா" என்றார். உள்ளே மதர்போர்டு முழுக்க உப்புக்காற்று பூத்துப் பச்சை பிடித்துக் கிடந்தது.

முதல் வாரம் பல் தேய்க்கும் பிரஷ்ஷும் ஸ்பிரிட்டுமாக அந்தப் பச்சையைத் தேய்த்துத் தேய்த்து எடுத்தார், இரண்டாவது வாரம் உப்பிப்போன கெப்பாசிட்டர்களைப் பிடுங்கிப் புதுசு வைத்தார், மூன்றாவது வாரம் கரண்டு கொடுத்துப் பார்த்தால் டிவியில் வெறும் கறுப்பு, நான்காவது வாரம் கறுப்பு போய் வரிவரியாகக் கோடு, அதற்குப் பிறகு எத்தனை நாள் என்ன செய்தாலும் அதே கோடு. குற்றம் மெமரி சிப்புகளில்தான் என்று தெரிந்தது, ஆனால் எட்டுச் சிப்பு வரிசைகட்டி நிற்கிறது, எட்டில் எவன் திருடன்? தொபியாஸ் தன் வழக்கப்படி விரலை வைத்துப் பார்த்தார். நல்ல சிப்பு மனுஷன் நெற்றி மாதிரி இளஞ்சூடாக இருக்கும், கெட்டது சுடும், செத்தது சில்லென்று கிடக்கும். மூன்றாவதில் வைத்த விரல் பொசுங்கியது. அந்தச் சிப்பைக் கழற்றி எறிந்துவிட்டு வேறு வைத்தார். ஆறாவது சில்லென்று கிடந்தது. அதன் முதுகில் நல்ல சிப்பு ஒன்றை உப்பு மூட்டை ஏற்றுவதுபோல ஏற்றி, காலோடு கால் சேர்த்துப் பற்றவைத்தார். நாற்பதாம் நாள் மதியம் டிவித் திரை வெள்ளையாக விரிந்தது, கீழே மூலையில் ஒரு சின்னக் கறுப்புக் கட்டம் சிமிட்டிச் சிமிட்டி நின்றது.

அந்த நேரத்தில் உள்ளே வந்தவள் பக்கத்து வீட்டுச் சந்தன மரியா, கையில் ஒரு கிண்ணம் மீன் குழம்பு. அவள் மகன் ரீகன் ஓசூரில் லாரிக்குக் கூடு கட்டும் கம்பெனியில் வேலை பார்க்கிறான், வந்து ஒன்றரை வருஷம் ஆகிறது.

"எண்ணே, அது என்ன கண்ணைச் சிமிட்டுது?"

"எதையாவது எழுதச் சொல்லுது. விசையெல்லாம் வேலை செய்யுதான்னு பார்க்கணும்லா."

"அப்போ எம்பிள்ள பேரைப் போடுங்க. அவனை நினைச்சுக்கிட்டுத்தான் இந்தக் குழம்பையே வச்சேன்."

தொபியாஸ் இங்கிலீஷ் எழுத்தில் ரீகன் என்று அடித்து, பெரிய விசையை அழுத்தினார். பெயர் மறைந்தது, கட்டம் பழையபடி சிமிட்டியது. எல்லா விசையும் நல்லா இருக்கு என்று அவருக்குத் திருப்தி. சந்தன மரியா கிண்ணத்தை வைத்துவிட்டுப் போனாள்.

மூன்றாம் நாள் காலையில் ரீகன் வந்தான். நீல யூனிபாரம், கையில் ஒரு ஸ்பானர், ஒரு பை கூடக் கிடையாது. ஏன்டா வந்தே என்று கேட்டால், "தெரியலம்மா, போல்ட் முடுக்கிக்கிட்டு இருந்தேன், கால் கிளம்பிட்டு" என்றான். சந்தன மரியா இரு கையாலும் அவன் கன்னத்தை வழித்து முத்திக்கொண்டிருக்கும்போதே இன்னொரு ரீகன் வந்தான், கடைசி வீட்டுக்காரன், கப்பலில் வேலை, கையில் பெயிண்ட் பிரஷ். சாயங்காலம் மூன்றாவதாக ஒரு ரீகன் ரொட்டி வெட்டும் கத்தியோடு வந்து தெருமுனையில் நின்றான். அவன் இந்தத் தெருவே இல்லை, மார்த்தாண்டத்தில் ஏதோ பேக்கரியில் இருக்கிறவன், அவனுக்கு இங்கே ஒருவரையும் தெரியாது. நம் பக்கத்தில் அந்த வயசில் தடுக்கி விழுந்தால் ஒரு ரீகன் மேல்தான் விழவேண்டும், வெறும் பெயரை அடித்தால் இப்படித்தான் ஆகும் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. வந்தவனை விரட்ட முடியுமா? ஆளுக்கொரு வேளை என்று தெருவே அவனுக்குச் சோறு போட்டது. அவன் நல்ல பிள்ளை, தலையைக் குனிந்துகொண்டு சாப்பிட்டான், "என்னை இதுவரைக்கும் யாரும் எதுக்கும் கூப்பிட்டதில்லைக்கா" என்று சந்தன மரியாவிடம் சொன்னான். அவள் உள்ளே போய் அழுதுவிட்டு வந்து அவனுக்கு இன்னொரு மீன் வைத்தாள்.

வந்த நான்காம் நாள் காலை காப்பி குடித்த கையோடு மூன்று ரீகன்களும் எழுந்து போய்விட்டார்கள்.

அதற்குப் பிறகு தெரு அதை ஒரு குழாயடி மாதிரி எடுத்துக்கொண்டது. ஆச்சரியப்பட யாருக்கு நேரம் இருக்கிறது? வீட்டுக்கு ஒரு ஆள் வெளியூரில் கிடக்கிற தெரு அது, கப்பலில் ஒருவன், குவைத்தில் ஒருவன், திருப்பூரில் கட்டிக்கொடுத்த மகள், சென்னையில் படிக்கிற பையன். காலைப் பூசை முடிந்ததும் தொபியாஸ் வீட்டு வாசலில் வரிசை நின்றது. பெயரோடு அப்பா பெயரும் பிறந்த ஊரும் எழுதிய சீட்டு இருந்தால்தான் அடிப்பது என்று சட்டம் வந்தது. ஒருத்தி தன் புருஷனை ஒரே மாதத்தில் நான்கு தடவை கூப்பிட்டு அவனுக்கு வேலை போகிற அளவுக்கு ஆனதும், ஒரு ஆளுக்கு வருஷத்துக்கு ஒரு தடவைதான் என்று இன்னொரு சட்டம் வந்தது. கூப்பிடப்பட்டவர்கள் அந்த நேரத்தில் கையில் என்ன இருந்ததோ அதோடு கிளம்பிவிடுவார்கள் என்பதால், முக்குக் கடையில் ஒரு கைலி, ஒரு பிரஷ், ஒரு சோப்பு என்று சேர்த்துக் கட்டி 'வந்தவர் பை' என்று தொங்கவிட்டார்கள். ரயில்வே ஸ்டேஷனில் கையில் கரண்டியோடோ கத்தரிக்கோலோடோ ஒருவன் இறங்கி மலங்க மலங்க விழித்தால், ஆட்டோக்காரர்கள் அவனிடம் எங்கே போகவேண்டும் என்று கேட்பதே இல்லை. குடிதண்ணீர் லாரி இருபது நாள் வராமல் போனபோது பெண்கள் கூடிப் பேசி லாரி டிரைவர் பெயரை விசாரித்துக்கொண்டு வந்து அடிக்கச் சொன்னார்கள். மூன்றாம் நாள் லாரியோடு வந்து நின்றான், கூப்பிட்ட நேரத்தில் அவன் கையில் இருந்தது ஸ்டியரிங். கோயில் சாமியார், தவக்காலத்தில் இதையெல்லாம் வைத்துக்கொள்ள வேண்டாம் என்று பிரசங்கத்தில் சொன்னார், ஈஸ்டர் பாஸ்கா முடிந்த திங்கட்கிழமை அவரே வரிசையில் வந்து நின்று, பீகாரில் குருவாக இருக்கிற தன் அண்ணன் பெயர் எழுதிய சீட்டை நீட்டினார்.

வந்தவர்களிடம் ஒரே ஒரு குறை. யாரும் சண்டை போடவில்லை. கோபப்படவில்லை, குற்றம் சொல்லவில்லை, ஏன் இத்தனை நாள் போன் பண்ணவில்லை என்று யாரும் யாரையும் கேட்கவில்லை. ஏன் வந்தோம் என்று தெரியாமல் வந்து, போட்டதைச் சாப்பிட்டு, கேட்டதற்கு ஆமாம் இல்லை என்று சொல்லி, நாற்காலியை ரோட்டைப் பார்த்துப் போட்டு உட்கார்ந்திருப்பார்கள். நான்காம் நாள் எழுந்து போய்விடுவார்கள். பெண்டாட்டிமார் சிலருக்கு உள்ளுக்குள் ஏமாற்றம்தான், ஆனாலும் கண்ணால் பார்த்தோமே, ஒரு மீன் வறுத்துப் போட்டோமே, அது போதாதா என்று மனசைத் தேற்றிக்கொண்டார்கள்.

எல்லோருக்கும் அடித்த தொபியாஸ் தனக்காக அடித்தது ஒரே ஒரு பெயர். வரிசை கலைந்த ஒரு மத்தியானம் கதவைச் சாத்திக்கொண்டு, பிரகாசி, அவள் அப்பா பெயர், அவள் பிறந்த மணப்பாடு, எல்லாவற்றையும் ஒரு எழுத்துப் பிசகாமல் அடித்தார். மூன்றாம் நாள் விடிந்ததும் சவரம் செய்து வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு வாசலில் உட்கார்ந்தார். பொழுது சாய்ந்தது. உப்புக்காற்று வந்தது, ஒரு ஆடு வந்தது, வேறு ஒருவரும் வரவில்லை. சட்டையைக் கழற்றி மடித்து வைத்துவிட்டு, மிச்சமிருந்த பாதிச் சோற்றைச் சாப்பிட்டார். செத்தவர்கள் பெயருக்குப் பெட்டி கட்டுப்படாது என்று மறுநாள் வரிசையில் நின்றவர்களுக்குப் பொதுவாகச் சொன்னார். எப்படித் தெரியும் என்று யாரும் கேட்கவில்லை.

ஜெசிந்தா பெயரை அவர் அடிக்கவே இல்லை.

தெருவுக்கு இது தாங்கமுடியாத விஷயமாக இருந்தது. சந்தன மரியா வாரத்துக்கு ஒரு தடவையாவது கேட்டுவிடுவாள்: "ஊருக்கெல்லாம் கூப்பிட்டுக் கொடுக்கிய, உங்க பிள்ளையக் கூப்பிட்டா என்னண்ணே?"

"கூப்பிட்டா வந்துருவா" என்பார் தொபியாஸ்.

"வரத்தானே கூப்பிடுதது?"

"வந்து ரோட்டைப் பார்த்து உட்கார்ந்திருப்பா. எனக்கு அப்படி வேண்டாம். அவளா வரணும்."

ஆறு வருஷத்துக்கு முன் பிரகாசிக்கு வயிற்றில் கட்டி என்று ஆஸ்பத்திரியில் சேர்த்தபோது ஜெசிந்தாவுக்குப் பிள்ளை பிறந்து இருபது நாள். பச்சை உடம்புக்காரி, விஷயம் தெரிந்தால் அலறியடித்துக்கொண்டு பஸ் ஏறிவிடுவாள், யாரும் மூச்சுவிடக் கூடாது என்று தொபியாஸ் தெருவுக்கே உத்தரவு போட்டார். இன்றைக்குச் சரியாகும், நாளைக்குச் சரியாகும் என்று பதினொரு நாள் போயிற்று. பன்னிரண்டாம் நாள் பிரகாசி கண்ணை மூடினாள். அப்போதும் அவருக்குப் போனை எடுக்கக் கை வரவில்லை, அடக்கம் முடிந்து மூன்றாம் நாள்தான் தகவல் போயிற்று. ஜெசிந்தா கைப்பிள்ளையோடு வந்து இறங்கி, ஈர மண்ணைப் பார்த்துவிட்டு வந்து, "என்னை ஏன் கூப்பிடல?" என்று ஒரே ஒரு கேள்வி கேட்டாள். நல்லதுக்குத்தான் என்றார். அவள் திரும்பிப் போய்விட்டாள். கிறிஸ்துமஸுக்கு மட்டும் போன் வரும், பேரன் வாழ்த்துச் சொல்வான், போன் நின்றுவிடும்.

இப்படியே நாலு மாதம். ஆளுக்கு ஆள் அடித்து அடித்து மதர்போர்டு சோர்ந்துபோனது, அடிக்கடி திரை நடுங்கியது. அடாப்டரின் வயர்தான் உள்ளுக்குள் அறுந்திருக்கிறது என்று கண்டுபிடித்து, ஒரு செவ்வாய்க்கிழமை காலையில் அதை மட்டும் கழற்றிப் பையில் போட்டுக்கொண்டு தொபியாஸ் வயர் வாங்கக் கடைத்தெருவுக்குப் போனார். வீட்டுச் சாவி எப்போதும்போலச் சந்தன மரியாவிடம்.

அவள் மனசில் ரொம்ப நாளாக இருந்த ஆசை. அண்ணன் வாயால் கேட்க மாட்டார், நாம் அடித்துவிட்டால் என்ன, பிள்ளை வந்து நின்றால் வேண்டாம் என்றா சொல்லப்போகிறார்? ஜெசிந்தா பெயர், தொபியாஸ் பெயர், ஊர் எல்லாம் சீட்டில் இங்கிலீஷில் எழுதி வாங்கிவைத்திருந்தாள். அடாப்டரைக் காணவில்லை. அதனால் என்ன, தன் வீட்டு வைஃபை பெட்டியின் அடாப்டரில் அதே ஒன்பது வோல்ட் என்று போட்டிருக்கிறது, முனையும் அச்சாகப் பொருந்துகிறது. செருகினாள். ஒரு குற்றமும் சொல்ல முடியாது, நீங்களும் நானும் இருந்தாலும் அதைத்தான் செய்திருப்போம். உலகத்து அடாப்டர்களுக்கெல்லாம் நடுவில் பிளஸ், சுற்றி மைனஸ். அந்தப் பழைய பெட்டிக்கு மட்டும் அப்படியே தலைகீழ். அதைத் தெரிந்தவர் தெருவில் ஒரே ஒருவர், அவர் வயர் வாங்கப் போயிருந்தார். டிக் என்று ஒரு சத்தம், முடி பொசுங்கிய மாதிரி ஒரு வாடை, ரப்பர் விசைகளின் இடுக்கிலிருந்து ஒரு நூல் புகை.

தொபியாஸ் திரும்பி வரும்போது அவள் தலையில் கை வைத்துக்கொண்டு அவர் வாசற்படியிலேயே உட்கார்ந்திருந்தாள்.

"எண்ணே, என்னைச் செருப்பால அடிங்க. உங்க பிள்ளையக் கூப்பிடலாம்னு செருகினேன், புகைஞ்சிட்டு."

தொபியாஸ் பையைக் கீழே வைத்தார். "பேரை அடிச்சியா?"

"எங்க அடிக்க? ஒரு எழுத்து கூட அடிக்கலண்ணே. மாதா மேல சத்தியம்."

அவருக்கு நிம்மதி வந்திருக்க வேண்டும். மகள் தானாக வரவேண்டும் என்றுதானே இத்தனை நாள் பிடிவாதம்? ஆனால் ஒரு எழுத்து கூட அடிக்கவில்லை என்று கேட்டதும் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். ஒரு எழுத்தாவது அடித்திருக்கக் கூடாதா என்று அவர் மனசு அழுதது. இத்தனை நாள் வேண்டாம் வேண்டாம் என்று சொன்னதெல்லாம் வேண்டும் என்பதைத்தான் என்று அப்போது தெரிந்தது. ஆண்பிள்ளைகளுக்கு இதெல்லாம் தெரியவே இவ்வளவு காலமாகிறது, என்ன செய்ய.

அன்றைக்கே மூடியைக் கழற்றினார். இந்த முறை ஊருக்காக இல்லை. போர்டு பிழைத்தால் முதல் பெயர் ஜெசிந்தா, ரோட்டைப் பார்த்து உட்கார்ந்தாலும் பரவாயில்லை, நாலு நாள் உட்காரட்டும், அவள் முகத்தைப் பக்கவாட்டிலாவது பார்த்துக்கொண்டு இருக்கலாம். கரண்டைச் சீராக்கிக் கொடுக்கும் ரெகுலேட்டர் வெடித்திருந்தது, மாற்றினார். பக்கத்தில் ஒரு டிரான்சிஸ்டர் கருகியிருந்தது, மாற்றினார். ஐந்து வோல்ட் வந்தது, பன்னிரண்டு வோல்ட் வந்தது, திரையில் மட்டும் ஒன்றும் வரவில்லை. எட்டுச் சிப்பையும் விரலால் தொட்டுப் பார்த்தார், எட்டும் சில்லென்று கிடந்தன. பழைய போர்டுகளிலிருந்து கிடைத்ததை ஒவ்வொன்றாகப் பிடுங்கி எட்டையும் மாற்றினார். கறுப்பு வந்தது, கோடு வந்தது, கோட்டோடு நின்றுவிட்டது. பூதக்கண்ணாடி வைத்து ஒவ்வொரு செம்புக்கோடாக எங்கே முறிந்திருக்கிறது என்று தேடினார். சோறு வைக்க மறந்தார். மல்டிமீட்டரோடு பேசுவது நின்றுபோனது.

தெருவும் காத்திருந்தது. முதல் வாரம் தினமும் வந்து கேட்டார்கள், இரண்டாவது வாரம் வாசலோடு எட்டிப் பார்த்தார்கள், அதற்குப் பிறகு அவர் முகத்தைப் பார்த்துவிட்டு ஒன்றும் கேட்காமல் போனார்கள். வந்தவர் பைகள் முக்குக் கடையில் தொங்கித் தூசி பிடித்தன. பழகிய குழாயில் தண்ணீர் நின்ற மாதிரி ஒவ்வொரு வீடும் கம்மென்று ஆயிற்று.

மூன்றாவது வாரம் வியாழக்கிழமை காலை பத்தரை மணி. போர்டைக் குப்புறக் கவிழ்த்து, கண்ணில் பூதக்கண்ணாடியோடு குனிந்திருந்தார் தொபியாஸ். வாசலில் ஆட்டோ நின்றது. படியேறி ஒருத்தி வந்து நின்றாள், தோளில் ஒரு பெரிய பை, முன்னை விட ஒரு சுற்றுப் பெருத்திருந்தாள், காதோரம் இரண்டு நரை. நிமிர்ந்தவர் பூதக்கண்ணாடியைக் கழற்றவும் மறந்துபோனார். கையில் போர்டு செத்துக் கிடக்கிறது, பெட்டியில் கரண்டே இல்லை. ஆறு வருஷம் கழித்து வந்த மகளிடம் அவர் வாயிலிருந்து வந்த முதல் வார்த்தை இதுதான்:

"உன்னை யாரு கூப்பிட்டா?"

"யாருமே கூப்பிடலப்பா" என்றாள் ஜெசிந்தா. "அதைக் கேக்கத்தான் வந்திருக்கேன்."

பையைக் கீழே வைக்கவில்லை. உட்காரவும் இல்லை. நின்றபடியே பேசினாள், பேசப் பேசக் குரல் ஏறியது, தெருவில் ஒவ்வொரு கதவாகத் திறந்தது.

"ரீகன் சொன்னான். எங்க ஊர்ச் சந்தையில பார்த்தேன். உங்க அப்பா பெட்டி வச்சிருக்காவ, பேரை அடிச்சா ஆள் வந்துரும், தெருவுல எல்லாரும் வந்துட்டுப் போயாச்சு, நீ எப்போக்கா வந்தன்னு கேக்கான். நான் என்ன சொல்ல? எனக்கு இன்னும் வரலடான்னேன். சரி, இன்னைக்குக் கூப்பிடுவாரு, நாளைக்குக் கூப்பிடுவாருன்னு அன்னைக்கே ஒரு பையில துணி எடுத்து வச்சேன். நாலு மாசமாச்சு. கிளாஸ்ல சாக்பீஸ் பிடிச்சுக்கிட்டு நிக்கும்போதெல்லாம் காலைப் பாத்துக்கிட்டே இருப்பேன், இப்போ கிளம்புமா, இப்போ கிளம்புமான்னு. தண்ணி லாரிக்காரனைக் கூப்பிட்டியளாமே? அவனை விடக் கேவலமாப் போயிட்டனா நான்?"

"அப்படி இல்லம்மா. நீயா வரணும்னு..."

"நானா எப்படிப்பா வருவேன்? அம்மா செத்ததுக்கே கூப்பிடாத வீட்டுக்கு நானா எப்படி வருவேன்? அப்பவும் கூப்பிடல, இப்பவும் கூப்பிடல. கூப்பிட மாட்டியன்னு தெரிஞ்சுபோச்சு. அதைச் சொல்லிட்டுப் போகத்தான் வந்தேன். இனி அந்தப் பையைப் பிரிச்சுத் துணியை அலமாரில வச்சிருவேன்."

வெளியே சந்தன மரியா முந்தானையை வாயில் பொத்திக்கொண்டு நின்றாள். வந்தவர்கள் யாரும் இப்படிப் பேசியதில்லை. ஒருவரும் அழுததில்லை, ஒருவரும் கணக்குக் கேட்டதில்லை. தொபியாஸின் கை தானாக மேசைக்குப் போயிற்று, கவிழ்ந்து கிடந்த போர்டை எடுத்து அவளுக்கு நேராக நீட்டினார்.

"ரெண்டே நாள் பொறு மக்களே. இதுல ஒரு கோடு எங்கயோ முறிஞ்சு கிடக்கு. சரி பண்ணிருதேன். முதல் பேரு உன் பேருதான். சத்தியமாச் சொல்லுதேன், நீ ஓசூருக்குப் போயிரு, நான் இங்கிருந்து..."

ஜெசிந்தா அந்தப் போர்டைப் பார்த்தாள், அதன் முதுகில் புதுசும் பழசுமாகப் பற்றவைத்திருந்த நூறு ஈயப் பொட்டுகளைப் பார்த்தாள், அவர் விரல் நுனிகளில் பொசுங்கிய கொப்புளங்களைப் பார்த்தாள். அவளுக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது.

"அதுக்கும் பெட்டிதான் வேணுமாப்பா?" என்றாள். பையைத் தோளில் ஏற்றிக்கொண்டு படியிறங்கிவிட்டாள்.

ஆட்டோ தெருமுனையில் திருப்பி நின்றது. அவள் நடந்தாள், இரண்டு பக்கமும் ஆட்கள் நின்றார்கள், ஒருவரும் மறிக்கவில்லை, மறிக்க அவர்கள் யார்? தொபியாஸ் போர்டைக் கையில் பிடித்தபடியே வாசலுக்கு வந்தார். கோயில் மணி போல ஊருக்கே பேர் பேராக அடித்துக் கொடுத்த மனிதர், தன் வாயால் ஒருவரை உரக்கக் கூப்பிட்டு ஆறு வருஷம் ஆகியிருந்தது. வாயைத் திறந்தார், முதலில் காற்றுதான் வந்தது. அவள் சேவல் கூண்டு வைத்த வீட்டைத் தாண்டினாள், முக்குக் கடையை நெருங்கினாள். தொபியாஸ் போர்டைக் கீழே போட்டுவிட்டு இரண்டு கையாலும் நிலையைப் பிடித்துக்கொண்டார்.

"ஜெசிந்தா!"

உடைந்த குரல், பாதி இருமல். ஆனால் தெரு முழுக்கக் கேட்டது. ஆட்டோக்காரர் இன்ஜினை நிறுத்தினார். ஜெசிந்தா நின்றாள். திரும்பவில்லை, முதுகைக் காட்டிக்கொண்டே நின்றாள், பை தோளிலிருந்து மெல்ல நழுவித் தரையில் உட்கார்ந்தது.

"கேக்கலப்பா" என்றாள். "இன்னொரு தடவை கூப்பிடுங்க."

அவர் கூப்பிட்டார்.